எம்ஐடி ஓப்பன்கோர்ஸ்வேர்: பாடம் நடத்துபவர்களுக்கு எவ்வளவு உதவும்?

கல்லூரியில் நேரியல் இயற்கணிதம் (லீனியர் அல்ஜீப்ரா) நடத்துகிறேன், இரண்டு பருவமாக எம்ஐடி ஓப்பன்கோர்ஸ்வேரிலிருந்து எடுத்துத்தான் வகுப்பை ஓட்டுகிறேன். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் தன் பாடங்களை இணையத்தில் போட்டு வைக்க 2001இல் அறிவித்த திட்டம் இது, இன்றும் கணக்குத் தொடங்காமலே எல்லாம் இலவசமாகக் கிடைக்கிறது.

எம்ஐடியில் கணிதப் பேராசிரியராக இருந்த கில்பர்ட் ஸ்ட்ராங்கின் நேரியல் இயற்கணிதப் பாடத்தில் (பாட எண் 18.06) வீடியோவைவிட எனக்கு அதிகம் உதவியது பயிற்சிக் கணக்குகளும் அவற்றின் விடைகளும்தான். முழு வீடியோவையும் வகுப்பில் போட்டால் பையன்கள் தூங்கிவிடுவார்கள். அதனால் அணியை (மேட்ரிக்ஸ்) நெடுவரிசைகளின் கூட்டாகப் பார்க்கச் சொல்லும் அந்தச் சில நிமிடங்களை மட்டும் காட்டி, நிறுத்தி, "அடுத்து என்ன வரும்?" என்று கேட்டேன், கடைசி பெஞ்சிலிருந்து கை உயர்ந்தது. அந்த நாளை மறக்க மாட்டேன்.

உரிமத்தைக் கட்டாயம் படியுங்கள். இது கிரியேட்டிவ் காமன்ஸ் பிஒய்-என்சி-எஸ்ஏ: மூலத்தைக் குறிப்பிட வேண்டும், வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது, மாற்றி எழுதிப் பகிர்ந்தால் அதே உரிமத்தில் பகிர வேண்டும். கட்டணப் பயிற்சி மையத்துக்கு எடுக்க நினைப்பவர்கள் வேறு இடம் பார்ப்பது நல்லது. அப்புறம், பக்கத்தில் தனியாகக் குறித்திருக்கும் பிறருடைய படங்களுக்கு இந்த உரிமம் பொருந்தாது.

வேறொரு களஞ்சியத்தில் உரிமமே எழுதாத ஸ்லைடுகளை எடுத்துவிட்டு, பாதிப் பருவத்தில் எல்லாவற்றையும் திரும்ப வரைந்தேன், மூன்று வார இறுதிகள் போயின. இங்கே அந்தப் பயம் இல்லை. ஆனால் நம் பாடத்திட்டத்துக்கு ஏற்ப வரிசையை மாற்றும் வேலை நம்முடையதுதான், அதற்கு நேரம் ஒதுக்குங்கள்.