சார்ஜ் ஏறாத பக்கி: மறுபடியும் தண்ணி பேட்டரியா, லித்தியமா?

எங்கள் விடுதி வளாகத்தில் இரண்டு பக்கி ஓடுகின்றன. பில்லில் கோல்ஃப் கார்ட் என்று போட்டிருந்தாலும் சிங்கப்பூரில் வாயில் வருவது பக்கிதான். விருந்தாளிகளின் பெட்டி, படுக்கை விரிப்பு, பார்பிக்யூ கரி மூட்டை எல்லாம் இவற்றில்தான் போகும். எட்டு மாதத்துக்கு முன்னால் ஒன்று சார்ஜ் ஏறாமல் நின்றுவிட்டது. செருகினால் வழக்கமாக உள்ளே ‘டக்’ என்று ரிலே விழும், அப்புறம் மெல்ல ஒரு ரீங்காரம் வரும். அன்று இரண்டும் இல்லை. பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "அண்ணே, சார்ஜர் போச்சு, புதுசு வாங்கிடுங்க."

வாங்கவில்லை. முதலில் சுவர் சுவிட்சைப் பார்த்தேன் (சிரிக்காதீர்கள், துப்புரவு அக்கா தன் மிஷினைச் செருக இதை அணைத்துவிட்டுப் போனது இரண்டு முறை நடந்திருக்கிறது), அப்புறம் 13 ஆம்பியர் பிளக்கின் ஃபியூஸ், அப்புறம் அதே சார்ஜரை அடுத்த பக்கியில் செருகினேன். டக். சார்ஜர் நன்றாகத்தான் இருக்கிறது.

மல்டிமீட்டரை எடுத்தேன். எங்களுடையது 48 வோல்ட் வண்டி, இருக்கைக்கு அடியில் 8 வோல்ட் பேட்டரி ஆறு. முழுதாகச் சார்ஜ் ஆகி ஓய்ந்திருந்தால் மொத்தம் 51 வோல்ட் பக்கம் காட்ட வேண்டும், காட்டியது 32. தனித்தனியாக வைத்துப் பார்த்தால் ஐந்து பேட்டரி ஆறு வோல்ட்டை ஒட்டி, ஆறாவது 1.8. இந்த மாதிரி சார்ஜர்கள் கரண்ட் விடுவதற்கு முன்னால் எதிர்ப்பக்கம் எவ்வளவு வோல்ட் இருக்கிறது என்று பார்க்கும். ரொம்பக் கீழே கிடந்தால் எதுவும் செருகவில்லை என்று எடுத்துக்கொண்டு சும்மா இருந்துவிடும். ‘சார்ஜர் போச்சு’ என்று தூக்கிப் போடப்படுவதில் நல்ல சார்ஜர்கள் எத்தனையோ.

ஆறாவது பேட்டரியின் மூடிகளைக் கழற்றினால், தகடுகள் தண்ணீருக்கு மேலே தலைநீட்டிக்கொண்டு, காய்ந்த கோலமாவு மாதிரி வெள்ளை படிந்து கிடந்தன. ஈய சல்ஃபேட். பேட்டரி காலியாகவே பல நாள் கிடந்தால் அது இறுகிப்போகும், பிறகு கரையாது. தகடு மூழ்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டு, 8 வோல்ட்டுக்கு வைக்கக்கூடிய சின்ன சார்ஜரில் ஒவ்வொன்றாகப் போட்டேன். ஐந்து எழுந்தன, ஆறாவது எழவே இல்லை. அதை மட்டும் மாற்றலாமே என்று தோன்றும். நாலு வருஷப் பழசுகளோடு ஒரு புதுசைத் தொடரில் கோத்தால், சார்ஜ் ஏறுவதும் இறங்குவதும் ஆளுக்கொரு வேகத்தில் போய், புதுசும் சீக்கிரம் பழசாகிவிடும். ஆக, ஆறையும் மாற்ற வேண்டும் என்று ஆனபோதுதான், மறுபடியும் தண்ணி பேட்டரியா (தண்ணீர் ஊற்றிப் பார்த்துக்கொள்ளும் இதே ஈய பேட்டரி), லித்தியமா என்ற கேள்வியே வந்தது.

தெரிந்த விஷயங்களைச் சீக்கிரம் சொல்லி முடிக்கிறேன். விலையில் தண்ணி பேட்டரிதான் மலிவு, எனக்கு வந்த கொட்டேஷனில் லித்தியம் அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். எடையில் லித்தியம்: ஆறு ஈய பேட்டரி 170 கிலோவைத் தாண்டும், லித்தியம் பெட்டி ஒன்று 50 கிலோ பக்கம். சார்ஜ் ஏறும் வேகத்திலும் லித்தியம்தான். செத்த பிறகு ஈயத்துக்குப் பழைய விலை கிடைக்கும், எங்கள் சப்ளையர் பில்லில் கழித்தே கொடுக்க ஒப்புக்கொண்டார். நடுவே ஏஜிஎம் என்று மூடி வைத்த ஈய பேட்டரியும் இருக்கிறது, தண்ணீர் ஊற்ற வேண்டாம். ஆனால் தண்ணி பேட்டரிக்கு வைத்த சார்ஜர் செட்டிங்கிலேயே அதைப் போட்டால் அளவு மீறிச் சார்ஜ் ஏறி உள்ளே காய்ந்துவிடும். நான் அதை ஓட்டிப் பார்த்ததில்லை, அதனால் அதோடு விடுகிறேன்.

நான் லித்தியம் பக்கம் சாய்ந்ததற்கு இந்தக் கணக்கு எதுவும் காரணம் இல்லை. தண்ணீர்தான் காரணம்.

48 வோல்ட் என்றால் 2 வோல்ட் செல் 24. அதாவது ஒரு பக்கிக்கு 24 மூடி, இரண்டுக்கும் 48. சார்ஜ் முடியப்போகும் நேரத்தில் உள்ளே இருக்கும் தண்ணீர் ஹைட்ரஜனாகவும் ஆக்ஸிஜனாகவும் பிரிந்து வெளியே போகும், வெயில் இன்னும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். இங்கே குளிர்காலம் என்று ஒன்று இல்லை, எங்கள் ஸ்டோரில் வருஷம் பூராவும் 30 டிகிரிக்குக் குறைவதே அபூர்வம். அதனால் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை திறந்து பார்க்க வேண்டியிருந்தது, இரண்டு பக்கிக்கும் சேர்த்து வருஷத்துக்கு 1,200 மூடிக்கு மேல். அதுவும் குழாய்த் தண்ணீர் கூடாது, டிஸ்டில்டு வாட்டர்தான். சார்ஜ் முடிந்த பிறகுதான் ஊற்ற வேண்டும். முன்னாலேயே நிரப்பிவிட்டால் சார்ஜில் பொங்கி ஆசிட் வழிந்து ட்ரேயைத் தின்றுவிடும், அப்புறம் ஆப்ப சோடாவைக் கரைத்து ஊற்றித் தேய்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

இதில் கஷ்டமான வேலை எதுவும் இல்லை. ஆள்தான் பிரச்சினை. எங்களிடம் இதைச் செய்துகொண்டிருந்தவர் அறந்தாங்கித் தம்பி ஒருவர், இரண்டு வாரத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் கேனும் புனலுமாக வந்துவிடுவார். யாரும் அவருக்குச் சொன்னதில்லை, அவரும் யாருக்கும் சொன்னதில்லை. பர்மிட் முடிந்து ஊருக்குப் போனார். புதிதாக வந்த பையன் கெட்டிக்காரன்தான், ஆனால் இருக்கையைத் தூக்கினால் அடியில் தாகத்தோடு 24 பேர் இருக்கிறார்கள் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? எனக்கு உறைத்தது நாலு மாதம் கழித்து, டக் சத்தம் வராத அந்தக் காலையில். சொந்தத்தில் ஒரு பக்கி வைத்து நீங்களே பார்த்துக்கொள்வதாக இருந்தால் தண்ணி பேட்டரியே போதும், உண்மையாகவே சொல்கிறேன். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை ஆள் மாறும் இடத்தில் அது தாங்காது.

அதற்காக லித்தியம் தொல்லையே இல்லாதது என்று நினைக்க வேண்டாம். பழைய சார்ஜரை அதற்குப் போடக்கூடாது. ஈய பேட்டரி சார்ஜர் கடைசிக் கட்டத்தில் 60 வோல்ட்டைத் தொடும், 16 செல் உள்ள லித்தியம் பெட்டிக்கு உச்சம் 58.4 தான். ஆகவே புதுச் சார்ஜர் விலையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். வண்டியில் உள்ள பழைய மீட்டரும் பொய் சொல்லும்: லித்தியத்தின் வோல்ட் கடைசிவரை இறங்காமல் நின்று சட்டென்று விழும், எனவே முள் ‘ஃபுல்’ என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே பாதி வழியில் நின்றுவிடலாம். பெட்டிக்கென்று தனி டிஸ்பிளே வைத்துக்கொள்வது நல்லது.

சார்ஜ் ஏறாமல் போனால் கண்டுபிடிப்பதில் மட்டும் தண்ணி பேட்டரிதான் கெட்டிக்காரன். மீட்டர், மூடி, கண் போதும், ஆறில் எது செத்தது என்று அதுவே காட்டிக்கொடுக்கும். லித்தியம் மூடின பெட்டி. உள்ளே இருந்து செல்களைக் காவல் காக்கும் பிஎம்எஸ் என்ற மின்னணுச் சுற்று ஏதோ பிடிக்காமல் தன்னைப் பூட்டிக்கொண்டால் வெளியே மீட்டரில் பூஜ்யம் வரும், செத்ததா தூங்குகிறதா என்றே தெரியாது. எங்களுக்கு ஒரு தடவை அப்படி ஆனது. மழையில் நனைந்த கனெக்டரைத் துடைத்து மறுபடி சார்ஜரைச் செருகியதும் விழித்துக்கொண்டது. விழிக்காமல் இருந்திருந்தால் விற்றவரைக் கூப்பிடுவதைத் தவிர எனக்கு வேறு வழி தெரிந்திருக்காது.

முதலாளிக்குத் தீ பயம். எச்டிபி (அரசு அடுக்குமாடி) வீடுகளில் பிஎம்டி (மின் ஸ்கூட்டர் மாதிரி வண்டி) எரிந்த செய்தி படித்த யாருக்குத்தான் இருக்காது. வண்டிக்கு நாங்கள் போட்டது லித்தியம் இரும்பு பாஸ்பேட், கோபால்ட் கலந்த வகையைவிடச் சூட்டைத் தாங்கும். அதனால் எரியவே எரியாது என்று நான் கையெழுத்துப் போட மாட்டேன். ஆனால் ஈய பேட்டரியும் சாது இல்லை. காற்றில் 4 சதவீதம் ஹைட்ரஜன் சேர்ந்தாலே ஒரு பொறி போதும், அதை ஜன்னல் இல்லாத ஸ்டோரில் ராத்திரி பூராவும் சார்ஜில் போட்டவர்கள்தானே நாம்.

எட்டு மாதத்தில் லித்தியம் பக்கியின் இருக்கையைத் தூக்கியது அந்த ஒரே தடவைதான். விற்பவர்கள் பத்து வருஷம் என்கிறார்கள், எட்டு மாதத்தை வைத்து நான் அதற்குச் சாட்சி சொல்ல முடியாது. ஈய பேட்டரிகள் எங்களிடம் நாலு வருஷம் ஓடின, அதுவும் கடைசி நாலு மாதம் பட்டினியோடு.

இரண்டாவது பக்கியில் இன்னும் தண்ணி பேட்டரிதான், ஆறும் நன்றாக இருக்கும்போது கழற்ற மனசு வரவில்லை. இந்தத் தடவை சுவரில் ஒரு தாள் ஒட்டி, தேதியும் ஊற்றியவர் கையெழுத்தும் போடக் கட்டம் கட்டி, கேனையும் அதன் கீழேயே வைத்திருக்கிறேன். இன்று காலை பார்த்தேன், கடைசி இரண்டு கட்டம் காலி.