வஸ்தோக்கா, மெர்க்குரியா?

1961-இல் மனிதனை விண்ணுக்கு ஏற்றிய இரு கலங்களில் சோவியத்தின் வஸ்தோக் ஏறத்தாழ 4.7 டன், அமெரிக்காவின் மெர்க்குரி 1.4 டன் அளவுதான். காரணம் ராக்கெட். சோவியத் ராக்கெட் வடிவமைப்பாளர் கொரலியோவின் ஆர்-7 ராக்கெட்டுக்கு இருந்த வலு அமெரிக்காவின் அட்லஸ் ராக்கெட்டுக்கு இல்லை. ஆகவே வஸ்தோக்கில் நாம் சுவாசிக்கும் காற்றையே நிரப்பினார்கள். மெர்க்குரியில் எடையைக் குறைக்க, குறைந்த அழுத்தத்தில் தூய ஆக்சிஜன்.

பெரிய வேறுபாடு, ஓட்டுபவரை எவ்வளவு நம்பினார்கள் என்பதில். எடையின்மையில் புத்தி தடுமாறலாம் என்று அஞ்சி, வஸ்தோக்கில் பறந்த முதல் மனிதர் ககாரினின் கைக்கட்டுப்பாட்டைப் பூட்டியே வைத்தார்கள். திறக்கும் எண் 125, முத்திரையிட்ட உறைக்குள். (புறப்படும் முன்பே அதை அவர் காதில் போட்டுவிட்டார்கள் என்பது வேறு கதை.) மெர்க்குரி வீரர்களோ சோதனை விமானிகள், சண்டை போட்டு ஜன்னல் வாங்கியவர்கள். 1962-இல் தானியங்கிக் கருவி மக்கர் செய்தபோது மெர்க்குரி வீரர் ஜான் கிளென் கையாலேயே கலத்தை ஓட்டினார்.

இறங்குவதில் இரண்டுமே கரடுமுரடு. ககாரின் சுமார் 7 கி.மீ. உயரத்தில் வெளியேறித் தனிப் பாராசூட்டில் வந்தார். சோவியத் அதைப் பல ஆண்டுகள் மறைத்தது. அமெரிக்க வீரர் கஸ் கிரிசமின் மெர்க்குரி, இறங்கிய பிறகு கடலில் மூழ்கியே போனது.

என் ஓட்டு வஸ்தோக்குக்கு. கனம் ஒரு பக்கம் சாய்ந்த அந்த உருண்டைக் கலம், பூமிக்கு இறங்கும்போது யாரும் திருப்பாமலே சரியான பக்கமாகத் திரும்பிக்கொள்ளும். அதே வடிவம் ஆளில்லாமல் உயிரினங்களை ஏற்றிச் சென்ற ரஷ்யாவின் பயோன் கலமாக 2013-இலும் பறந்தது.