ஸ்டோலனா, பனெட்டோனேவா?

ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்துக் கிறிஸ்துமஸ் ரொட்டியான ஸ்டோலன் பார்க்க அவ்வளவு லட்சணமில்லை. மடித்த மாவின் மேல் வெள்ளைச் சர்க்கரை அப்பியிருக்கும். துணியில் சுற்றிய குழந்தை இயேசு அது என்பார்கள். நோன்பில் வெண்ணெய்க்குத் தடை இருந்ததால், ஆதியில் அது வெண்ணெயில்லாத வறட்டு நோன்பு ரொட்டிதான். 1491-இல் போப் எட்டாம் இன்னசென்ட் வெண்ணெய்க்கு அனுமதி தந்த பிறகே ருசி கண்டது. இன்று அசல் டிரெஸ்டன் ஸ்டோலன் என்ற தர முத்திரைக்கு 1 கிலோ மாவுக்குக் குறைந்தது 500 கிராம் வெண்ணெய், 650 கிராம் உலர்திராட்சை வேண்டும். திராட்சையை முதல்நாளே ரம்மில் ஊறப்போடுங்கள். இல்லாவிட்டால் மாவின் ஈரத்தை அது குடித்துவிடும். மேலே துருத்தும் திராட்சையைக் கிள்ளியெறியுங்கள், கருகிக் கசக்கும். சுட்டதும் உருக்கிய வெண்ணெய் தடவி, இரண்டு வாரமாவது மூடி வைத்தால்தான் மணம் இறங்கும்.

இத்தாலியின் மிலான் நகரத்துக் கிறிஸ்துமஸ் ரொட்டியான பனெட்டோனே நேர் எதிர்: உயரம், பஞ்சு மென்மை. உச்சியில் கீறும் சிலுவை ஆசீர்வாதத்தின் அடையாளம். ஒரு துண்டை எடுத்துவைத்து, தொண்டையைக் காக்கும் புனித பிளாசியுவின் திருநாளான பிப்ரவரி 3 அன்று சாப்பிடுவது மிலான் வழக்கம். சுடுவதுதான் பெரும்பாடு. மாவைப் பொங்கவைக்கும் புளித்த தாய்மாவு வீரியமாக இருக்க வேண்டும். அடுப்பிலிருந்து எடுத்தவுடன் அடியில் கம்பி குத்தித் தலைகீழாகத் தொங்கவிடாவிட்டால், வெண்ணெயும் மஞ்சள் கருவும் நிறைந்த மாவு தன் கனத்திலேயே நடுவில் அமுங்கிவிடும்.

முதல்முறை சுடுபவர்கள் ஸ்டோலனிலேயே தொடங்கலாம்.