ஷூமானின் மூன்று வயலின் சொனாட்டாக்கள்: டெட்ஸ்லாஃப், ஃபோக்ட் இசைத்தட்டு

பியானோ வாசிப்பவர் பக்கத்தில் உட்கார்ந்து தாள் புரட்டுகிறவரை யாரும் கவனிக்க மாட்டார்கள். தப்புச் செய்தால் மட்டும் அரங்கமே திரும்பிப் பார்க்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மன் இசையமைப்பாளர் ராபர்ட் ஷூமானின் முதல் வயலின் சொனாட்டாவை (வயலினும் பியானோவும் சேர்ந்து வாசிக்கும், சில பகுதிகள் கொண்ட படைப்பு) ஒரு நண்பர் வாசித்தபோது அந்த வேலை எனக்கு வாய்த்தது. முதல் பகுதியிலேயே இடத்தைத் தொலைத்துவிட்டேன். வயலின் வரியைக் கண்ணால் பிடித்துக்கொண்டே போனால் போதும் என்று நினைத்திருந்தேன். அதுவோ பியானோவின் வலது கைக்குக் கீழே போய் ஒளிந்துகொண்டது. நண்பர் பலமாகத் தலையாட்டிக் காட்டியதால் தப்பித்தேன்.

அன்றிலிருந்து இந்த இசைமேல் எனக்கு ஒரு கோபம். வயலினின் மேல் ஸ்தாயி அப்படி மின்னும்போது, தடித்த கீழ்த் தந்தியையே இவர் ஏன் சுற்றிச் சுற்றி வருகிறார்? பியானோ அதே இடத்தில் அலையலையாக ஓடிக்கொண்டிருக்க, இரண்டும் கலந்து களிமண்ணாகாதா? கடைசிக் காலத்தில் மனம் கலங்கியவரின் எழுத்து, அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிக் கடந்து போகிறவர்கள் உண்டு. நானும் அந்தக் கட்சியில்தான் இருந்தேன்.

கட்சி மாற வைத்தது 2013இல் ஒண்டைன் நிறுவனம் வெளியிட்ட இந்தத் தட்டு. வயலின் கிறிஸ்டியன் டெட்ஸ்லாஃப், பியானோ லார்ஸ் ஃபோக்ட். மூன்று சொனாட்டாக்களும் ஒன்றாக இருக்கின்றன.

ஏ மைனரில் உள்ள முதல் சொனாட்டா, ஓபஸ் 105 (ஓபஸ் என்பது படைப்பின் வரிசை எண்), 1851 செப்டம்பரில் டுசெல்டார்ஃபில் சில நாட்களுக்குள் எழுதப்பட்டது. ஷூமான் அப்போது அந்த நகரத்தின் இசை இயக்குநர். டெட்ஸ்லாஃப் இங்கே பியானோவை ஜெயிக்கப் பார்க்கவில்லை. வில்லை அழுத்தித் தொனியைப் பெருக்காமல், தொண்டை கட்டிய மனுஷன் ஒரு விஷயத்தைச் சொல்லியே தீர வேண்டும் என்று பேசுவதுபோல அந்தக் கீழ்த் தந்தியில் தொடங்குகிறார். விரல் நடுக்கத்தை, அதாவது வைப்ராட்டோவை, கஞ்சத்தனமாகச் செலவழிக்கிறார். வரும் இடத்தில் அதனால்தான் அது உறைக்கிறது. ஃபோக்ட் இடது கையை அடக்கி, பெடலை அளந்து மிதிக்கிறார். கலங்கல் போகவில்லை, ஆனால் கலங்கலுக்குள் என்ன நடக்கிறது என்பது இப்போது காதில் விழுகிறது. நான் தாளில் தொலைத்த வரி இங்கே தொலையவே இல்லை. (டெட்ஸ்லாஃப் கையில் இருப்பது முந்நூறு வருஷத்து இத்தாலிய வயலின் அல்ல, நம் காலத்து ஜெர்மானியர் ஸ்டெஃபான்-பீட்டர் கிரைனர் செய்தது. பழசுதான் உசத்தி என்று சாதிப்பவர்களுக்கு இதைப் போட்டுக் காட்டலாம்.)

கடைசிப் பகுதி மட்டும் எனக்கு வேகம் அதிகம். ஒருவரையொருவர் துரத்தும் அந்த வரிகளில் கொஞ்சம் மூச்சு விட்டிருக்கலாம். முதல் பகுதியின் ராகம் முடிவுக்கு முன் ஒருமுறை எட்டிப் பார்க்கும் இடம் வரும்வரை இருவரும் நிற்பதே இல்லை.

தட்டின் இதயம் இரண்டாவது சொனாட்டா. டி மைனர், ஓபஸ் 121. அதே வருஷம் அக்டோபர் கடைசியில் தொடங்கி நவம்பர் தொடக்கத்தில் முடித்துவிட்டார். முதல் சொனாட்டாவின் தலைப்பில் பியானோ முன்னால், வயலின் பின்னால். இதில் வயலின் முன்னுக்கு வந்துவிட்டது. லைப்சிக் நகரத்து வயலின் கலைஞர் ஃபெர்டினாண்ட் டேவிட்டுக்குக் காணிக்கை. தொடக்கத்தில் இரு வாத்தியங்களும் அறைந்து வைக்கும் நாதக்கட்டுகளில், அதாவது ஒரே நேரத்தில் ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்களில், டி, ஏ, எஃப், டி என்று (மேற்கத்திய ஸ்வரங்களுக்கு எழுத்துகளே பெயர்) அவர் பெயரின் எழுத்துகள் ஸ்வரங்களாக ஒளிந்திருக்கின்றன. டெட்ஸ்லாஃப் அந்த இடத்தில் வில் உராயும் சத்தத்தை மறைப்பதில்லை. முதல்முறை முகம் சுளித்தேன். மூன்றாம் முறை அது இல்லாமல் முடியாது என்றாகிவிட்டது.

ஆனால் நான் திரும்பத் திரும்பப் போவது மூன்றாம் பகுதிக்கு. அதற்கு முந்தைய, வேகமான பகுதியான ஷெர்ட்சோவின் முடிவில் பழைய லூத்தரன் கீர்த்தனை ஒன்றைப் போன்ற மெட்டு முழு முழக்கத்தோடு வெடிக்கும். அடுத்த பகுதி அதே மெட்டை எடுத்து, வில்லைத் தொடாமல், விரலால் தந்தியை மீட்டித் தொடங்குகிறது. மென்மையாக, எளிமையாக என்பது ஷூமான் எழுதிய குறிப்பு. பலர் இதை அழகாக வாசிப்பார்கள். இவர்கள் அழகுபடுத்தாமல் வாசிக்கிறார்கள். தூங்குகிற பிள்ளை விழித்துவிடும் என்று பயப்படுகிறவரைப்போல டெட்ஸ்லாஃப் மீட்டுகிறார். பிறகு வில் வருகிறது, இரட்டைத் தந்தி வருகிறது. அந்த மெட்டின் மாறுபாடுகளுக்கு நடுவே போன பகுதியின் ஷெர்ட்சோ ஒரு கெட்ட நினைவுபோல வந்து மிரட்டிவிட்டுப் போகிறது. அந்த இடத்தில் ஃபோக்டின் கைகளைக் கேளுங்கள். அவர் 2022இல் புற்றுநோயில் இறந்த பிறகு அந்தச் சில நொடிகளை என்னால் சாதாரணமாகக் கடக்க முடிவதில்லை.

மூன்றாவது சொனாட்டாவின் கதையே தனி. 1853 அக்டோபரில் நண்பரும் வயலின் கலைஞருமான யோவாகிமுக்காக ஷூமான், அவருடைய மாணவர் டீட்ரிஷ், இருபது வயது இசையமைப்பாளர் பிராம்ஸ் மூவரும் சேர்ந்து ஒரு சொனாட்டா எழுதினார்கள். சுதந்திரன், ஆனால் தனியன் என்ற யோவாகிமின் தாரக வாக்கியத்தின் ஜெர்மன் முதலெழுத்துகள் எஃப், ஏ, ஈ. அவையே அடிப்படை ஸ்வரங்கள். பிறகு ஷூமான் தன் இரண்டு பகுதிகளோடு புதிதாக இரண்டைச் சேர்த்து முழுதாகத் தன்னுடையதாக்கிக்கொண்டார். அடுத்த பிப்ரவரியில் ரைன் நதியில் குதித்தார், ஆனால் காப்பாற்றப்பட்டார். இந்தச் சொனாட்டா அச்சேறியது 1956இல், அவர் இறந்து நூறு வருஷம் கழித்து.

பலவீனமான படைப்பு என்ற பேச்சை இந்த வாசிப்பு முழுதாகப் பொய்யாக்கிவிடவில்லை. இறுதிப் பகுதி இங்கும் எனக்குத் துண்டு துண்டாகத்தான் கேட்கிறது. நடுவே வரும் சிறு பகுதியான இன்டர்மெட்சோவுக்காக அதை மன்னிக்கலாம். மூன்றே ஸ்வரங்களை வைத்துக்கொண்டு இவ்வளவு சின்ன இடத்தில் இவ்வளவு தவிப்பா!

ஒரு எச்சரிக்கை. மெல்லிய இடங்கள் நிஜமாகவே மெல்லியவை. மின்விசிறி ஓடும் அறையில் ஒலிபெருக்கியில் கேட்டபோது, ஓபஸ் 121இன் மூன்றாம் பகுதிக்காக ஒலியைக் கூட்டி வைத்தேன். நான்காம் பகுதி தொடங்கியதும் துள்ளி எழுந்தேன். ஹெட்ஃபோனில் இந்தச் சிக்கல் இல்லை.

வயலினில் கிடோன் கிரெமரும் பியானோவில் மார்த்தா ஆர்கெரிச்சும் 1980களில் பதிவுசெய்த தட்டில் முதல் இரண்டு சொனாட்டாக்கள் மட்டுமே உண்டு. பொறி பறக்கும் வாசிப்பு, அதையும் விடமாட்டேன். ஆனால் ஒன்றுதான் வாங்குவேன் என்கிறவர்களுக்கு என் ஓட்டு டெட்ஸ்லாஃபுக்கும் ஃபோக்டுக்கும். வாங்கினால் வரிசைப்படி கேட்க வேண்டாம். ஓபஸ் 121இன் இரண்டாம் பகுதியில் ஆரம்பித்து, நிறுத்தாமல் மூன்றாவதுக்குப் போங்கள். முதல் சொனாட்டாவை அடுத்த நாளைக்கு வைத்துக்கொள்ளலாம்.