லெமன்பீல் ஏஞ்சல் என்று சர்ஜன் குஞ்சைத் தலையில் கட்டுகிறார்கள்: கொளத்தூர் போகிறவர்கள் கவனிக்க

சென்னை கொளத்தூரில், தொட்டியில் வளர்க்கும் கடல்மீன் விற்கிற ஒரு கடையில் 'லெமன்பீல் ஏஞ்சல்' என்று 3,500 ரூபாய்க்கு ஒரு மீன் விற்றிருக்கிறார்கள். விரல் நீளம், உடம்பெல்லாம் மஞ்சள், செவுள் ஓரத்தில் நீலக் கோடு. வீட்டுத் தொட்டியில் வெள்ளை விளக்கில் பார்த்தால் அது ஏஞ்சலே இல்லை, சாக்லேட் சர்ஜன் மீனின் குஞ்சு.

ஏமாந்தவரைக் குறை சொல்ல முடியாது. பவளப்பாறையில் இந்தக் குஞ்சு, பக்கத்தில் வாழும் குட்டி ஏஞ்சலின் (சிறிய ரக ஏஞ்சல், லெமன்பீல் அதில் ஒன்று) நிறத்தை அப்படியே போட்டுக்கொண்டு திரியும். வளர்ந்தால் வேஷம் கலையும்: மஞ்சள் போய்ப் பழுப்பாகி 25 செ.மீ. வரை போகும். நிஜ லெமன்பீல் 14 செ.மீ.க்குள் நின்றுவிடும். மூன்றடித் தொட்டிக்கு வாங்கியது நாளைக்கு ஆறடி கேட்கும்.

பார்க்க வேண்டிய இடம் கன்னம். எந்தக் கடல் ஏஞ்சலுக்கும் கன்னத்தின் கீழ்மூலையில் பின்னோக்கி நீளும் முள் ஒன்று இருக்கும். சர்ஜனுக்கு அங்கே வெறும் வழவழப்பு. அதன் முள், கத்தி மாதிரி, வாலடியில் இருபுறமும் இருக்கும். குஞ்சில் அந்தக் கத்தி மடிந்து கிடப்பதால் கண்ணில் படாது, வாலை நம்பி முடிவெடுக்காதீர்கள். "சின்ன மீனுண்ணே, முள்ளு வளர வளரத்தான் வரும்" என்று கடையில் சொன்னார்களாம். சுத்தப் பொய். ஏஞ்சல் குஞ்சுக்கும் முள் உண்டு.

அந்தக் கடையில் நீல விளக்கு மட்டும்தான் எரியும். வெள்ளை விளக்கைப் போடச் சொல்லுங்கள், மழுப்பினால் கிளம்பிவிடுங்கள். வலையால் பிடிக்க விடாதீர்கள், முள் கண்ணியில் சிக்கிக் கன்னம் கிழியும். பிளாஸ்டிக் டப்பாவில் மொண்டு எடுத்து, பக்கவாட்டில் திருப்பிப் பாருங்கள்.

நிஜ லெமன்பீலே என்றாலும் இரை எடுக்க அடம்பிடிக்கிற மீன் அது. உங்கள் கண் முன்னால் நோரியை (உலர்ந்த கடற்பாசித் தாள்) கொத்தித் தின்றால்தான் காசு. முன்பணம் கொடுத்து ஒரு வாரம் கடையிலேயே விட்டுவைப்பது நல்லது. வீட்டில் நான்கு வாரம் தனித்தொட்டி. வெள்ளைப்புள்ளி நோய்க்குச் செம்பு மருந்து போட்டால், தண்ணீரில் செம்பின் அளவைப் பார்க்கும் கிட் இல்லாமல் போடாதீர்கள், குட்டி ஏஞ்சல்கள் செம்பைச் சரியாகத் தாங்காது.

வாங்கியவர் பணத்தைத் திருப்பிக் கேட்டபோது கடைக்காரர் நீட்டியது அவர் எழுதிய துண்டுச் சீட்டை. அதில் 'கடல்மீன் 1' என்று மட்டும் இருந்தது. மீனின் பெயரையும் விலையையும் ரசீதில் எழுதி வாங்குங்கள், பையோடு வீடியோ எடுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் புகார் சொல்ல அதுதான் கையில் இருக்கும்.

ஏற்கெனவே மாட்டியவர்கள் பெரிய தொட்டிக்காரரிடம் கொடுத்துவிடுங்கள். காசிமேட்டில் கடலில் விட்டுவிடலாம் என்று மட்டும் போகாதீர்கள், கடைத் தொட்டி நோயும் கூடவே போகும்.