“மாமா, இவன் ஏன் வாளியோட நிக்கிறான்?” – பிக்சல் ஆர்ட்டில் இரண்டு வருடப் பின்னூட்டம்

பிக்சல் ஆர்ட் என்றால் சின்னச் சின்னச் சதுரப் புள்ளிகளை ஒவ்வொன்றாக வைத்து வரைவது. அதில் நான் வரைந்த முதல் உருப்படியான ஸ்ப்ரைட், அதாவது வீடியோ கேமில் நடமாடும் சின்ன உருவம், ஒரு ராக்காவல்காரன். முக்காடு போட்ட நீள அங்கி, கையில் விளக்கு. 16க்கு 16 பிக்சல் கட்டத்துக்குள் அவனை அடக்க மூன்று ராத்திரி ஆனது. தெரிந்தவர்கள் ஏழெட்டுப் பேருக்கு அனுப்பினேன். “சூப்பர்”, “செம”, இரண்டு கட்டைவிரல். ஒரு வாரம் மிதப்பில் திரிந்தேன். அப்புறம்தான் எட்டு வயது அக்கா மகன் திரையை எட்டிப் பார்த்து, தலைப்பில் இருக்கிற கேள்வியைக் கேட்டான்.

அதைவிட உபயோகமான பின்னூட்டம் எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை. மற்றவர்களுக்குப் படத்தோடு சேர்த்து “விளக்கு ஏந்திய காவல்காரன்” என்று நானே எழுதி அனுப்பியிருந்தேன். அவர்கள் அதைப் படித்துவிட்டுப் படத்தைப் பார்த்தார்கள், விளக்கு தெரிந்தது. இவனுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை, வாளி தெரிந்தது. அன்றைக்கே உருவம் முழுவதையும் கறுப்பால் நிரப்பிப் பார்த்தேன். கையும் விளக்கும் அங்கியோடு ஒட்டி ஒரே மூட்டையாகக் கிடந்தன. விளக்கை இரண்டு பிக்சல் வெளியே தள்ளி, உடம்புக்கும் அதற்கும் நடுவே ஒரு பிக்சல் வெற்றிடம் விட்டதும் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. நிறத்தைத் தொடவே இல்லை. அதன் பிறகு படத்தோடு விளக்கம் அனுப்புவதை நிறுத்திவிட்டேன். “இது என்ன?” என்று மட்டும் கேட்பேன்.

அடுத்து அனுப்பும் விதம். இதில் நான் வீணாக்கிய நாட்களை நினைத்தால் எரிச்சல்தான் வருகிறது. சின்னப் படமாயிற்றே, பெரிதாக்கி அனுப்பலாம் என்று மூன்றரை மடங்கு ஆக்கி ஜேபெக்காகச் சேமித்தேன். ஒரு பிக்சல் மூன்று புள்ளி அகலம், பக்கத்துப் பிக்சல் நான்கு புள்ளி அகலம், ஓரமெல்லாம் சாம்பல் கறை. வந்த கருத்துகள் எல்லாம் அந்தக் கறையைப் பற்றியே. நான் வரையாத ஒன்றுக்கு நான் திட்டு வாங்கிக்கொண்டிருந்தேன். இப்போது பிஎன்ஜி மட்டும்தான். 4 மடங்கு, 8 மடங்கு என்று முழு எண்ணில் மட்டும். பெரிதாக்கும்போது ‘நியரெஸ்ட் நெய்பர்’, அதாவது நிறங்களைக் கலக்காமல் அப்படியே பெரிதாக்கும் முறை. பக்கத்திலேயே அசல் அளவுப் படமும் ஒன்று.

வரைவதற்கு ஆரம்பத்திலிருந்தே ஏஸ்ப்ரைட் என்ற பிக்சல் ஆர்ட் மென்பொருள்தான். காசு கொடுத்து வாங்கலாம், பொறுமை இருந்தால் மூல நிரலை எடுத்து நாமே கம்பைல் செய்துகொள்ளலாம். அதன் பழைய கட்டற்ற பதிப்பிலிருந்து கிளைத்த லிப்ரெஸ்ப்ரைட் இலவசம். மென்பொருளைப் பற்றி இதற்கு மேல் பேச ஒன்றுமில்லை, ஒரே ஒரு விஷயம் தவிர: வரையும்போது ஓரத்தில் அசல் அளவு முன்னோட்டச் சன்னல் எப்போதும் திறந்திருக்கட்டும். பெரிதாக்கிய திரையில் அழகாகத் தெரிகிற பாதி வேலை அந்தச் சன்னலில் காணாமல் போயிருக்கும்.

என்னை உண்மையில் மாற்றியது ஒரு நிரலாளர் நண்பர். அவருக்கு வரையத் தெரியாது. “என்இஎஸ் ஸ்டைல்ல பண்ணியிருக்கேன்” என்று பெருமையாகக் காட்டினேன். என்இஎஸ் என்பது நின்டெண்டோவின் பழைய வீடியோ கேம் கருவி. “எத்தனை கலர்?” என்றார். எண்ணினேன், 11. “அப்போ என்இஎஸ் இல்ல” என்று சொல்லிவிட்டு டீயைக் குடிக்கப் போய்விட்டார்.

அவர் சொன்னது சரி. அந்தக் கருவியில் ஒரு ஸ்ப்ரைட்டுக்கு 3 நிறமும், பின்னணி தெரிகிற ஒரு வெற்று நிறமும்தான். ஸ்ப்ரைட்களுக்கு அப்படி 4 பேலட்கள், அதாவது நிறத் தொகுப்புகள். ஒவ்வொரு ஸ்ப்ரைட்டும் 8க்கு 8 அல்லது 8க்கு 16. ஒரே கிடைக்கோட்டில் 8க்கு மேல் வந்தால் மிச்சம் வரையப்படாது, பழைய விளையாட்டுகளில் உருவங்கள் மினுக்கியதற்கு அதுவே காரணம். 1987இல் வந்த ‘மெகா மேன்’ நாயகனின் முகம் உடம்பின் பேலட்டில் அடங்காததால், முகத்தை மட்டும் வேறு பேலட்டில் தனி ஸ்ப்ரைட்டாக மேலே வைத்திருக்கிறார்கள். இதெல்லாம் தெரியாமலே நான் ‘ரெட்ரோ’ என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து படம் அனுப்பும்போது விதியையும் சேர்த்து அனுப்பினேன்: 16க்கு 16, மூன்றே நிறம், வெளிச்சம் இடப்பக்கம் மேலிருந்து. பதில்களின் தரமே மாறியது. “எனக்குப் பிடிக்கல” என்று சொன்னவர்கள்கூட “மூணாவது கலரை அங்கியில வீணாக்கிட்ட, அதை விளக்குக்குக் குடு” என்று சொல்ல ஆரம்பித்தார்கள். விதி இல்லாதபோது அவரவர் ரசனையைத்தான் சொல்ல முடிந்தது. விதி இருந்தால் எதிரில் இருப்பவருக்கும் பிடித்து நிற்க ஒரு கம்பு கிடைக்கிறது. வாயை எடுத்துவிடச் சொன்னதும் அப்போதுதான். இரண்டு பிக்சல் வாய் தாடி மாதிரி இருந்தது. மரியோவுக்கு மீசை வந்த கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான்: 1981இன் ‘டாங்கி காங்’கில் அந்தச் சின்ன முகத்தில் வாய் வரைய இடமில்லை, மீசை வைத்தார்கள். தெரிந்திருந்தும் நான் வாய் வரைந்தேன்.

தலையணை நிழல் என்ற தப்பையும் செய்தேன். எல்லாப் பக்கமும் ஓரத்தில் இருட்டு, நடுவில் வெளிச்சம், உருவம் மெத்தை மாதிரி உப்பி நிற்கும். வெளிச்சம் எந்தப் பக்கம் என்று முதலில் முடிவு செய்தால் இது தானாகப் போய்விடும். அதற்கு மேல் மெனக்கெட வேண்டியதில்லை.

முரண்பட்ட கருத்துகள்தான் பெரிய தலைவலி. அங்கியின் நிழலுக்கு டிதரிங் போடச் சொன்னார் ஒருவர், அதாவது இரண்டு நிறத்தைச் சதுரங்கப் பலகை மாதிரி கலந்து அடுக்குவது. போட்டேன். இன்னொருவர் பார்த்துவிட்டு “துணியில சொறி வந்த மாதிரி இருக்கு” என்றார். இரண்டு பேரும் அனுபவசாலிகள். யாரை நம்புவது? கொஞ்ச நாள் கழித்துத்தான் புரிந்தது, இருவரும் வேறு வேறு திரையை மனதில் வைத்துப் பேசியிருக்கிறார்கள். பழைய குழாய் டிவியில், கம்போசிட் கேபிள் வழியாக வரும் படத்தில் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் ஒன்றோடொன்று கரைந்துவிடும். 1991இன் ‘சோனிக்’ விளையாட்டில் அருவி, ஒன்றுவிட்டு ஒன்றாக நிற்கும் செங்குத்துக் கோடுகள்தான். அந்த டிவியில் அது கண்ணாடி போல ஊடுருவித் தெரிந்தது. இன்றைய கூர்மையான திரையில் கோடு கோடாகவே நிற்கிறது. என் ஸ்ப்ரைட் போனில் பார்க்கப்படப் போகிறது, அதுவும் 16 பிக்சல் உயரம். டிதரிங்கை எடுத்துவிட்டேன். இப்போதெல்லாம் யாராவது ஒன்று சொன்னால் “எந்தத் திரைக்கு?” என்று கேட்டுவிட்டுத்தான் கை வைக்கிறேன்.

மேலே வரைந்து காட்டுகிற உதவி இரண்டு பக்கமும் கூரான கத்தி. தேர்ந்த ஓவியர் ஒருவர் என் காவல்காரனின் மேலேயே பத்து நிமிடத்தில் திருத்தி அனுப்பினார். அசந்துபோய் அதைப் பிக்சல் பிக்சலாக நகல் எடுத்தேன். அடுத்த வாரம் அதே ஆளை பக்கவாட்டில் வரைய உட்கார்ந்தபோது கை நகரவில்லை. ஏன் அப்படித் திருத்தினார் என்று நான் யோசித்திருக்கவே இல்லை. இப்போது அந்த மாதிரி வந்தால் நன்றாகப் பார்த்துவிட்டு மூடிவைத்து, நினைவிலிருந்து வரைகிறேன். அசல் மாதிரி வருவதில்லை. ஆனால் அடுத்த முறை கை நகர்கிறது.

காவல்காரன் நடக்கிற அசைவைப் பற்றிக் கேட்டபோது மட்டும் அசையாப் படமாக அனுப்பிப் புண்ணியமில்லை என்று தெரிந்தது. அசைவின் நான்கு சட்டங்களையும் (ஃப்ரேம்களையும்) வரிசையாக அடுக்கி அனுப்பினால் எல்லாம் சரி என்கிறார்கள். ஓடவிட்டு ஜிஃப்பாகக் காட்டினால் “ஸ்கேட்டிங் போறானா?” என்கிறார்கள். கால்கள் விரிந்திருக்கும் சட்டங்களில் தலையையும் உடம்பையும் ஒரே ஒரு பிக்சல் கீழே இறக்கச் சொன்னார் அதே ஓவியர். செய்தேன், ஆளுக்கு எடை வந்துவிட்டது. ஒரு பிக்சல் என்பது அவன் உயரத்தில் பதினாறில் ஒரு பங்கு என்பதை அப்போதுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

போன வாரம் அக்கா மகனிடம் புதிய காவல்காரனைக் காட்டினேன். அவனுக்கு இப்போது பத்து வயது, பழைய வாளி ஞாபகமில்லை. “லைட்டு வெச்சிருக்கான்” என்றான் உடனே. நான் நெஞ்சு நிமிர்வதற்குள், “ஆனா தூங்கிட்டே நடக்கிறான்” என்றான். கண்ணுக்கு ஒரே ஒரு பிக்சல்தான் ஒதுக்கியிருக்கிறேன், அதுவும் முக்காட்டு நிழலோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. இன்று ராத்திரி அதை ஒரு கட்டம் கீழே இறக்கிப் பார்க்க வேண்டும்.