ஜாவா 8-லிருந்து எங்கே போவது: 11-ஆ, 17-ஆ, 21-ஆ?

2014-இல் வந்த ஜாவா 8-இலேயே இன்னமும் ஓடும் ப்ராஜெக்டுகள் ஏராளம். 11, 17, 21 மூன்றும் அதற்குப் பின் வந்த நீண்டகால ஆதரவுப் பதிப்புகள், அதாவது பல ஆண்டுகள் திருத்தம் கிடைப்பவை. மாற்றலாம் என்று பேச்செடுத்தாலே "முதலில் 11-க்குப் போவோம், அப்புறம் பார்க்கலாம்" என்று யாராவது சொல்வார்கள். பாதுகாப்பான வழி போலத்தான் தெரியும், ஆனாலும் நான் வேண்டாம் என்பேன்.

8-ஐ விட்டுக் கிளம்பும்போது வரும் தலைவலியில் பெரும்பங்கு 11-லேயே வந்துவிடுகிறது. எக்ஸ்எம்எல்லைக் கையாளும் ஜாக்ஸ்பி, வெப் சர்வீஸுக்கான ஜாக்ஸ்-டபிள்யூஎஸ் இரண்டையும் ஜேடிகே-விலிருந்தே (ஜாவாவின் டெவலப்பர் தொகுப்பு) எடுத்துவிட்டதால் பழைய எக்ஸ்எம்எல் கோடு கம்பைல்கூட ஆகாது, எல்லாவற்றையும் மேவன் என்ற பில்ட் கருவியில் தனி டிபென்டன்சியாகச் சேர்க்க வேண்டும். இவ்வளவும் செய்து கையில் கிடைப்பது 2018-இன் ஜாவா. ஸ்பிரிங் பூட் 3 என்ற ஜாவா ஃப்ரேம்வொர்க்குக்கு அதுவும் போதாது, குறைந்தது 17 வேண்டும்.

17-இல் (2021) கதவை நன்றாகவே சாத்திவிட்டார்கள். ஜேடிகே-யின் உள் கிளாஸ்களை ரிஃப்ளெக்ஷனில் (புரோகிராம் ஓடும்போதே கிளாஸுக்குள் நுழையும் வழி) தொடும் லைப்ரரிகள் 11-இல் எச்சரிக்கையோடு ஓடின, இங்கே எரர் அடித்து நிற்கும். ஆட்-ஓப்பன்ஸ் என்ற கமாண்ட்-லைன் ஆப்ஷனைப் போட்டுத் தற்காலிகமாகச் சமாளிக்கலாம். லைப்ரரியைப் புதுப்பிப்பதுதான் சரி.

அந்த வேலையை முடித்தவருக்கு 21 (2023) கொஞ்ச தூரம்தான். அதனால் 17-இல் நிற்க எனக்கு ஒரே காரணம்தான் தெரிகிறது: நீங்கள் வாங்கிய சர்வரோ லைப்ரரியோ 21-ஐ ஆதரிக்காமல் இருப்பது.

21-இல் எனக்கு மிகவும் பிடித்தது, நம் ஆட்கள் அதிகம் பேசாத ஒன்று: 18-லிருந்து இயல்பான கேரக்டர்செட் (எழுத்துகளை பைட்டுகளாக மாற்றும் முறை) யூடிஎஃப்-8. முன்பெல்லாம் விண்டோஸ் சர்வரில் என்கோடிங் குறிப்பிடாமல் ஃபைலில் தமிழ்ப் பெயரை எழுதினால் வரிசையாகக் கேள்விக்குறிகள்தான் விழும். இனி அப்படி இல்லை. ஆனால் பழைய என்கோடிங்கில் ஏற்கெனவே எழுதிவைத்த ஃபைல்கள் இருந்தால், அவற்றைப் படிக்கும் இடங்களில் என்கோடிங்கை வெளிப்படையாகக் கொடுங்கள், இல்லையென்றால் அங்கே எழுத்து சிதையும்.

ஜாவாவே நிர்வகிக்கும் இலகுவான விர்ச்சுவல் த்ரெட்? டேட்டாபேஸுக்காகக் காத்துக்கிடக்கும் சர்வீஸ்களுக்கு அருமை. ஒரே சிக்கல், 21-இல் சிங்க்ரனைஸ்ட் பிளாக்குக்குள் (ஒரு நேரத்தில் ஒரு த்ரெடை மட்டும் விடும் கோடு) காத்திருந்தால் அடியில் இருக்கும் நிஜ த்ரெடும் சேர்ந்தே மாட்டிக்கொள்ளும். அதை 24-இல்தான் சரிசெய்தார்கள், ஆகவே பழைய டேட்டாபேஸ் டிரைவர் இருந்தால் அவசரப்பட வேண்டாம்.

2025-இல் வந்த 25-உம் நீண்டகால ஆதரவுப் பதிப்புதான். 21-இல் நிலைத்தபின் போகலாம்.

எந்தப் பதிப்பானாலும் சோர்ஸில் கைவைக்கும் முன் ஜேடெப்ஸ் (ஜேடிகே-யோடு வரும், சார்புகளைக் காட்டும் கருவி) ஓட்டி, உள் கிளாஸ்களை யார் தொடுகிறார்கள் என்று பாருங்கள். பிறகு அதே பழைய ஜாரைப் புது ஜேடிகே-யில் ஓட்டி டெஸ்ட் செய்யுங்கள். ஜாவாஎக்ஸ் என்று தொடங்கும் பேக்கேஜ் பெயர்களை ஜகார்த்தாவாக மாற்றும் வேலையை மட்டும் இதே ரிலீஸில் சேர்க்காதீர்கள், ஏதாவது உடைந்தால் எதனால் உடைந்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது.